அறுபத்தோராம் பக்கம்

நீங்கள் நம்பாவிட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள்தான் நானும். ராசிபலனைக்கூடப் படித்ததில்லை.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூரில் குடியிருந்துகொண்டு, எப்போதோ இறந்துபோன ஒரு அமெரிக்கப் பெண் கவிஞரைப் பற்றி எம்.பில். செய்துகொண்டிருந்தேன். பட்டம் வந்தால்தான் கல்லூரியில் என் வேலை நிரந்தரம். நான் எழுதியதைத் தட்டச்சு செய்தவர் கொரட்டூர் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த ஸ்டெல்லா அக்கா. அர்த்தம் பார்த்தால் வேகம் போய்விடும் என்று எதையுமே படிக்காமல் அடிப்பவர்.

சமர்ப்பிக்க வேண்டிய கடைசி நாள் காலையில் தாள்களை வாங்கிக்கொண்டு ரயிலேறிப் புரட்டினால், அறுபத்தோராம் பக்கத்தில் நான் எழுதவே எழுதாத ஒரு கடிதம். கவிஞர் தன் தங்கைக்கு எழுதியதாம். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி ஓடினேன்.

"நீங்க குடுத்தததான் சார் அடிச்சேன். அந்தம்மாக்குத் தங்கச்சி கீறாங்களா இல்லியான்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றார் அக்கா.

என் கையெழுத்துத் தாள்கள் மொத்தத்தையும் இருவரும் கலைத்துப் பார்த்தோம். அந்தக் கடிதம் எதிலும் இல்லை. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்தை எடுத்தால் எண்கள் மாறி, பின்னால் எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டும், அதற்கு நேரமில்லை. வருவது வரட்டும் என்று அப்படியே பைண்டு பண்ணிக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு மூன்று மாதம் எனக்குச் சாப்பாடும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் நேராக அந்தப் பக்கத்தைத்தான் பிரித்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"இந்த லெட்டர நான் அமெரிக்காவுல ஒரு லைப்ரரில பாத்திருக்கேன். இன்னும் அச்சுல வரல. பாதியில கிழிஞ்சிருக்கும். மீதி உங்களுக்கு எங்க கெடச்சுது?"

தெரிந்தவர் ஒருவர் அனுப்பினார் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். பட்டம் வந்தது, வேலையும் நிலைத்தது.

ஆனால் அந்த மீதியில் கடைசி வரி என்ன தெரியுமா? இதை யாரும் படிக்கக்கூடாது, அதனால் இந்தப் பாதியை மட்டும் கிழித்து அடுப்பில் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறாள். அவள் எரித்ததை நான் நாலு பிரதி எடுத்து, அட்டை போட்டு, நூலகத்தில் வைத்திருக்கிறேன்.