கண்ணாடிக்காரரின் காது

நாற்காலியில் அமர்ந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். கண் வேலை செய்தால் காது சோம்பேறி ஆகிவிடுமாம். தாடையை லேசாகத் தூக்கி, அசையாமல் காத்திருக்கிறார். பாடகி இரண்டாவது அடியைத் தொடங்குமுன் மூச்சை இழுக்க வேண்டும். அது கேட்டால்தான் அவருக்குப் பாட்டு. கேட்கவில்லையென்றால் எழுந்துபோய் வலது ஸ்பீக்கரை ஒரு விரற்கடை திருப்பிவிட்டு வந்து மறுபடி உட்காருவார்.

தெருவில் எல்லோருக்கும் இவர் கண்ணாடிக்காரர். முனையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பில் போடுவது மனைவி. பகலெல்லாம் பிறர் கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இதுவா, அதுவா?" என்று கேட்பார். சிலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். அவர்களிடம் மட்டும் வில்லையை மாற்றுவதுபோல் பாவனை செய்து, பழையதையே திரும்ப வைப்பார். "இப்பதாங்க பளிச்சுன்னு இருக்கு" என்று மாட்டிக்கொள்வார்கள். இவர் காட்டிக்கொள்ள மாட்டார். "சரி, முதல்லேருந்து பாப்போம்" என்பார்.

மாலையில் அதே கேள்வியைத் தன் காதிடம் கேட்பார். அவர் கால் படாத ஸ்பீக்கர் கடை ஊரில் இல்லை. பாட்டையும் கையோடு கொண்டுபோவார். "விக்கிறவன் போடுற பாட்டுல எல்லா டப்பாவும் நல்லாத்தான் கேக்கும் தம்பி" என்பார் என்னிடம். நான் கீழ்வீட்டுக்காரன். கேட்காமலே எனக்கும் சங்கீத ஞானம் ஏறிக்கொண்டிருக்கிறது.

கூடத்தில் அந்த ஒரு நாற்காலிதான். கால்கள் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்திருக்கிறார். ஒலி சரியாக வந்து சேருவது அங்கே மட்டும்தானாம். பெருக்கும்போது அது நகர்ந்துவிட்டால் வீடு ரெண்டுபடும். அவர் மனைவி, எனக்கு அக்கா முறை, பாட்டு கேட்பதெல்லாம் சமையலறையிலிருந்துதான்.

போன வாரம் ஒரு பெரிய கடையில் ஆளுயர ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வீட்டில் வைத்துக் கேட்டுப்பார்க்கக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலையில் கடை ஆள் வரும்போது முடிவு சொல்லியாக வேண்டும். வருடக்கணக்கில் சேர்த்ததெல்லாம் அதற்கே போய்விடும். ஆனால் அவருக்கு வேறொரு பயம்.

"வயசானா மெல்லிசான சத்தமெல்லாம் முதல்ல காதுல விழாமப் போயிடுமாம். அதுக்குள்ள நல்லதா ஒண்ணு கேட்டுடணும் தம்பி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் என்னவோபோல் இருந்தது.

ஞாயிறு மாலை பரீட்சை. பழைய ஜோடி, புதிய ஜோடி இரண்டையும் மறைத்து ஒரு மெல்லிய விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டார். அக்கா அதன் பின்னால் நின்று சுவிட்சை மாற்ற வேண்டும். எது பாடுகிறது என்று மூச்சு விடக்கூடாது. நான் சாட்சி.

முதலில் ஒன்று பாடியது. "இது நம்ம பழசு. மூச்சு சரியா வரல" என்றார். பாட்டு நின்றது. 'டக்'கென்று ஒரு சத்தம். மறுபடி முதலிலிருந்து பாட்டு. அவர் முகம் மலர்ந்தது.

"ஆகா! இதுல்ல ஸ்பீக்கரு! பக்கத்துல வந்து நின்னு பாடுறா பாருங்க!"

விரிப்புக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"ரெண்டு தடவையும் பாடுனது பழசுதாங்க. சுவிட்சைத் தொடவே இல்ல. நாக்காலதான் 'டக்'குனேன். தினமும் கடையில பாக்குறேனே, நீங்க பண்றத!"

கையும் களவுமாக அகப்பட்டவர் காதுமடல் சிவக்க உட்கார்ந்திருந்தார். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். ஆனால் அவருக்கும் சிரிப்பு பீறிட்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "சரி, முதல்லேருந்து பாப்போம்" என்று எழுந்தார். "நீ வந்து உக்காரு."

அக்கா அந்த நாற்காலியில் அமர்ந்து நான் பார்த்ததே இல்லை. நுனியில்தான் உட்கார்ந்தார். இவர் பழைய ஜோடியிலேயே பாட்டைப் போட்டார். இரண்டாவது அடி வந்தது. அக்கா சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏங்க, இவ மூச்சு விடுறதுகூடக் கேக்குது! இத்தனை நாளா இதத்தான் தனியா உக்காந்து கேட்டுட்டு இருந்தீங்களா?"

அவர் பாட்டு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

"காலையில ஆள் வந்தா புதுசைக் குடுத்து அனுப்பிடு" என்றார் மெதுவாக.

பிறகு தரையில் குந்தி, பழைய டேப்புகளை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தார். அக்காவை நாற்காலியோடு சேர்த்து ஒரு சாண் இடப்பக்கம் தள்ளினார். சாப்பாட்டு மேசையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து பக்கத்தில் போட்டுவிட்டு, டேப் சுருளைத் தேடத் தொடங்கினார்.