நான் அழித்த ஐந்தாவது வரி

போன சனிக்கிழமை நான் ஒரு பிழை விட்டேன். யாரும் என்னைக் கோபிக்கவில்லை. ஒரு சொல்கூடக் கடிந்து சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, இன்னும் மனம் ஆறவில்லை.

எனக்குக் கொம்பியூட்டர் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் வீட்டில் கொம்பியூட்டர் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் எது குழப்படி செய்தாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை... கொஞ்சமா?

நெல்லியடியில் இருக்கும் பத்மா ரீச்சர் பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிப்பவர். பின்னேரங்களில் ஊராருக்கு இங்கிலீஷில் கடிதம் அடித்துக் கொடுப்பார் — தூதரகங்களுக்கு, பல்கலைக்கழகங்களுக்கு. அந்தக் கொம்பியூட்டர் அவருடைய தம்பி தயாளன் சிங்கப்பூரில் படித்து முடித்து வரும்போது கொண்டுவந்தது. தயாளன் இப்போது இல்லை. போன வருடம் சந்தைக்குப் போனவன், சண்டையில் அடித்த ஷெல் குண்டு விழுந்து அங்கேயே முடிந்துபோனான். இருவர் இருந்த வீட்டில் இப்போது ரீச்சர் மட்டும்தான்.

"அண்ணை, கடிதத்தைத் திறக்கப் போனால் மெமரி காணாதெண்டு சொல்லுது. திங்கட்கிழமைக்கிடையிலை மூண்டு கடிதம் குடுக்கவேணும்," என்றார். சனிக்கிழமை பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன்.

பார்த்தேன். விஷயம் சின்னது. மெஷினைப் போட்டதும் ஐந்து குட்டி புரோகிராம்கள் தாங்களாகவே வந்து மெமரியில் குந்திவிடுகின்றன. அதிகமானவை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். திரையின் மூலையில் மணிக்கூடு ஒன்று, கல்குலேட்டர் ஒன்று... எல்லாம் தயாளன் ஆசைக்குப் போட்டு வைத்தவை. மெஷின் தொடங்கும்போது வாசிக்கும் கோப்பில் ஒவ்வொன்றையும் கூப்பிட ஒரு வரி.

"தேவையில்லாததுகளைத் தூக்கிவிட்டால் சரி, ரீச்சர்."

"ஓம் அண்ணை... ஆனா ஒண்டு மட்டும்—"

"நீங்கள் யோசியாதேங்கோ. எல்லாம் நான் பாக்கிறன்."

ஐந்து வரியையும் அழித்தேன். அதோடு விட்டேனா? டிஸ்க்கில் இடம் மிச்சமாகட்டும் என்று புரோகிராம்களையும் சேர்த்தே அழித்தேன். கெட்டிக்காரன் அல்லவா!

கடிதம் உடனே திறந்தது. ரீச்சர் அடிக்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் இருந்து பிழை பார்த்தேன். மூன்று கடிதங்களும் முடிந்தன, சேமித்தோம்.

பிறகு ரீச்சர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரும்பவும் மணிக்கூட்டை.

"நாலரை தாண்டிட்டுது," என்றார்.

"என்ன ரீச்சர்?"

"ஒவ்வொரு நாளும் நாலரைக்குக் கொம்பியூட்டர் ஒரு சத்தம் போட்டு, 'அக்கா, எழும்பித் தேத்தண்ணி குடி' எண்டு திரையிலை வரும். நான் இருந்தால் இருந்த இடத்திலையே இருப்பனெண்டு தம்பி எழுதி வைச்சவன். அதைத்தான் சொல்ல வந்தனான்."

நான் அழித்த ஐந்தாவது வரி அதுதான்.

"வேறை டிஸ்க்கிலை எங்கையேன் அதுக்குக் கொப்பி இருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை."

அழித்ததை மீட்க ஒரு வழி உண்டு — அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாமல் இருந்தால். நாங்களோ மூன்று கடிதங்களைச் சேமித்திருந்தோம். ஆனாலும் தேடினேன். ஒரு மணித்தியாலம் தேடினேன். இரண்டு வரி கிடைத்தது, வெறும் கிறுக்கலாக.

"நாளைக்கே நான் எழுதித் தாறன் ரீச்சர். அதே நேரம், அதே வசனம். உங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

ரீச்சர் மெதுவாகச் சொன்னார்.

"வேண்டாம் அண்ணை. நீங்கள் எழுதினால், அது நீங்கள் கூப்பிடுறதாத்தான் இருக்கும்."

எழும்பிக் குசினிக்குப் போனார். அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது. அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து இரண்டு கோப்பைகளோடு வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"குடியுங்கோ, ஆறப்போகுது. நீங்கள் தெரிஞ்சோ செய்தனீங்கள்?" என்றார்.

தெரியாமல் செய்தேன் என்பது உண்மை. தெரிந்துகொள்ள அரை நிமிடம் பொறுக்கவில்லை என்பதும் உண்மை. ஒரு மனுசி வாய் திறந்து 'ஒண்டு மட்டும்' என்று தொடங்கியபோது, அந்த வசனம் முடியும்வரை காத்திருக்க எனக்கு என்ன அவசரம் இருந்தது?

தேவையில்லாதது என்று எதையும் தூக்கி எறியுமுன் கேட்க ஒரேயொரு கேள்விதான் — யாருக்கு?