உறையில் ஏழு

"ஏழு!" என்று கத்திக்கொண்டே அவள் புருஷன் கணினியை விட்டு எழுந்தான். ஏணியில் நின்று கேபிளை முடுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

தரைக்கு ஒரு கிலோமீட்டர் கீழே, கைவிட்ட சுரங்கத்தில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். இதுவரை யாரும் கண்டிராத துகள் ஒன்று தொட்டியிலுள்ள குளிர்திரவத்தில் மோதினால் சின்ன ஒளி எழும் என்பது கணக்கு. பதினோரு வருஷமாக எழவில்லை. அவன் தரவுகளை அலசுபவன். அவள் கருவிகளைப் பராமரிப்பவள்.

அலசுபவர்கள் ஆசையில் ஏமாறுகிறார்களா என்று பார்க்க, ஒருவர் ரகசியமாகப் பொய் ஒளிகளைத் தரவில் கலப்பார். உப்புப் போடுவது என்று அதற்குப் பேர். போடாமலும் விடலாம், எத்தனை என்பதைக் குலுக்கல் சொல்லும். விவரத்தை உறையில் ஒட்டிவைத்து, முடிவை எழுதிய பிறகே பிரிப்பார்கள். அதற்குமுன் போட்டவர் கண்ணசைத்தால்கூட இந்தச் சுற்றின் மூன்று வருஷத் தரவும் குப்பை. இந்த முறை பொறுப்பு அவளுடையது. "வீட்டுல சோறு போடும்மா, முகத்தை மட்டும் பூட்டி வை" என்றிருந்தார் தலைவர்.

குலுக்கலில் ஏழு வந்தது. ஏழு போட்டாள்.

மேலே ஏறும் கூண்டில் இருவர் மட்டும். ஒன்பது நிமிஷப் பயணம்.

"உப்பா இருந்தா ரெண்டு, மூணு இருக்கும். ஏழு எவன் போடுவான்?" என்றான். "உன்னைக் கேக்கல. நீ பாறையைப் பாரு."

பாறையைப் பார்த்தாள்.

"காலேஜுக்கு வரலைன்னு எழுதி வச்சுட்டேன், மேல போனதும் அனுப்பணும். அஞ்சு மணி கெடு. ரெண்டு தடவை தவணை கேட்டாச்சு, இனி தரமாட்டாங்க. இதை விட்டுட்டு எப்படிப் போறது, சொல்லு?"

அவனுக்கு வாத்தியார் வேலை தர இருந்தது அந்தக் கல்லூரி. அது இருந்த ஊரில்தான் மகள் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். மாதம் ஒருநாள் பார்ப்பது. போய்விடுவது என்று முடிவாகி, வாடகை வீட்டின் ஜன்னல்களைக்கூட அவள் அளந்துவிட்டு வந்திருந்தாள்.

"பாப்பாகிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டுவிட்டாள்.

சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தான். புருஷன் பார்க்கிற பார்வை அல்ல. திரையில் புள்ளி தேடுகிறவனின் பார்வை.

"சும்மா கேட்டேங்க" என்றாள்.

அந்தத் துகள் உண்டு என்று கணக்குப் போட்டுத் தந்த கணக்குக்காரர் போன வருஷம் சொன்னது நினைவுக்கு வந்தது. "கிடைக்கலைன்னா துகள் இல்லைன்னு ஆகாதுக்கா. தொட்டி பத்தலைன்னுதான் ஆகும்." "அப்ப என்ன நடந்தா உங்க கணக்கு தப்புன்னு ஒத்துக்குவீங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே டம்ளரைக் கழுவப் போய்விட்டார். அந்தக் குழிக்குள் 'இல்லை' என்று சொல்லத் தெரிந்தது அந்த உறை ஒன்றுதான். இப்போது அவள் சண்டை போட்டால், அழுதால், 'பொறுங்க' என்றால், அது பிரிந்துவிடும்.

கூண்டு நின்றது. அவன் கைபேசிக்கு உயிர் வந்தது. மணி நாலு நாற்பது. கட்டைவிரலால் ஒரு தட்டு.

"போயிடுச்சு" என்றான்.

ஹெல்மெட் பட்டையை அவிழ்க்க அவளுக்கு நேரம் பிடித்தது.

மறுநாள் பத்து மணிக்குத் தலைவர் உறையைக் கத்தரித்தார். அவள் உப்புப் போட்ட ஏழு நேரங்கள், அவன் கண்ட ஏழு ஒளிகளோடும் பொருந்தின. கருவி ஒன்றையும் தவறவிடவில்லை என்று சிலர் கைதட்டினார்கள். கணக்குக்காரர் அடுத்த தொட்டியின் அளவைப் பலகையில் எழுதினார். புருஷன் பட்டியலை வாங்கி, ஒவ்வொன்றாகப் பென்சிலால் குறியிட்டுத் திருப்பிக் கொடுத்தான். வெளியே போய்க் கல்லூரிக்குப் பேசினான். இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். மதியம் அவள் குளிரூட்டியின் வடிகட்டியை மாற்றினாள். அவன் முதல் கூண்டில் மேலே போனான். அவள் அடுத்ததில் போனாள்.