துண்டுக்கு அடியில் என் கை

எனக்கு ஏழு வயதிருக்கும்போது என் வலது கைக்கு வீட்டில் ஒரு தனி மரியாதை இருந்தது. எதற்கு என்று எனக்குத் தெரியாது. மரியாதை கிடைக்கிற இடத்தில் காரணம் கேட்கிற குழந்தையாக நான் வளரவில்லை.

அத்தா மாட்டு வியாபாரி. அப்பாவை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். வாராவாரம் மணப்பாறைச் சந்தைக்குப் போய் ஒரு ஜோடி காளை பிடித்துவந்து லால்குடி, முசிறிப் பக்கம் விவசாயிகளிடம் விற்பார். எங்கள் வீடு பாலக்கரையில், மூன்று குடும்பம் சேர்ந்து புழங்குகிற சந்துக்குள். மாட்டைக் கட்ட அங்கே இடம் ஏது? அதனால் அத்தா வாங்கிய மாடுகளை நான் பார்த்ததே இல்லை. விலையை மட்டும் அறிவேன், அதையும் விரலால்தான்.

சந்தையில் மாட்டு விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கையைக் கோத்துக்கொள்ள, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது பத்தா நூறா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடுமாம். அணா போய் நயா பைசா வந்த புதிது அது. கடலை மிட்டாய்க்குச் சில்லறை கொடுக்க முடியாமல் கடைக்காரரே விழித்துக்கொண்டிருந்தார். ஊரே குழம்பிக் கிடந்தபோது எனக்குத் தெளிவாகப் புரிந்த ஒரே கணக்கு அத்தாவின் விரல் கணக்குதான்.

அந்த வருஷம் அத்தாவுக்கு அடிமேல் அடி. முதல் ஜோடியில் ஒன்றுக்கு வாங்கிய நாலாம் நாள் குளம்பில் நோய். இரண்டாவது ஜோடிக்குப் பல்லைப் பார்த்து வயதைக் கணித்ததில் ஏமாந்துபோனார். மூன்றாவதை வாங்கிய முசிறிக்காரர் ஒரே வாரத்தில் சந்தைக்கே திருப்பி ஓட்டி வந்துவிட்டார். ஏரில் பூட்டியதும் மாடு படுத்துக்கொள்கிறதாம். அதைச் சொல்லி அத்தாவே சிரித்தார். நாலாவது ஜோடியில் மாட்டின் மேலும் குற்றமில்லை, ஆளின் மேலும் குற்றமில்லை. மழை இல்லாமல் விலை இறங்கிவிட்டது, அவ்வளவுதான். அதற்கு மட்டும் அத்தா சிரிக்கவில்லை. கையில் மிஞ்சியது இன்னும் ஒரே ஒரு ஜோடிக்கான பணம். அதுவும் போனால் அடுத்தவர் வாங்கிய மாட்டுக்குக் கயிறு பிடிக்கும் கூலியாளாகத்தான் அவர் சந்தைக்குள் நுழைய முடியும்.

அப்போதுதான் என் கைக்கு வேலை வந்தது. சந்தைக்கு முதல் நாள் மதியம் அத்தா ரயிலேற வேண்டும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து சோற்றுக்கு வருகிற நேரமும் அதுதான். சாப்பிட்டு, கை கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு என் எதிரே உட்காருவார். என் கையைப் பிடித்துக்கொண்டு துண்டைப் போர்த்துவார். மூன்று விரல், அப்புறம் இரண்டு விரல். எவ்வளவு என்று கேட்பார், சொல்வேன். பிறகு, விளையாட்டு முடிந்தபின் போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்பார்.

"கை எப்படிம்மா இருக்கு?"

அவர் கை காய்ந்திருந்தால் காய்ந்திருக்கிறது என்பேன், ஈரமாக இருந்தால் ஈரம் என்பேன். ஈரம் என்றால் பணம் வைத்த பச்சை பெல்ட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு சந்தைக்குப் போவார். மறுநாள் ஒரு பொட்டலம் பொரியோடு திரும்பி வந்து, யார் யார் என்ன மாடு பிடித்தார்கள் என்று உற்சாகமாகச் சொல்வார். மாடு வாங்காதவர் சந்தைக்கு எதற்குப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் விலையைச் சரியாகச் சொன்ன அன்றும் பெல்ட் கழன்றது, தப்பாகச் சொன்ன அன்றும் கழன்றது. எதற்குத்தான் மதிப்பெண் போடுகிறார் என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஒருநாள் என் பாவாடையால் அவர் உள்ளங்கையைத் துடைத்துக்கூட விட்டேன். அதற்கும் பெல்ட் கழன்றது.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. அம்மாவுக்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேசின. அம்மாவின் தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை. பெரிய கடைவீதியில் சோடாக் கடை வைத்திருந்த அந்த மாமாவுக்கு உலகத்தில் எல்லா வியாபாரமும் தெரியும், சோடாவைத் தவிர.

"மச்சான், நீங்க யாவாரம் பண்றீங்களா, புள்ளகிட்ட நாடி பாக்குறீங்களா?" என்று அத்தாவிடம் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

நாலாவது வாரம் மாமா ஒரு சேதியோடு வந்தார். தெரிந்தவர் ஒருவர் அவசரத்துக்கு நல்ல ஜோடி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார், விலை படிந்துவரும், இதை விட்டால் இனி எழுந்திருக்க முடியாது என்றார். அன்று மதியம் நான் சோற்றுக்கு வந்தபோது அம்மா என்னை இழுத்து உட்காரவைத்து, காலையில்தான் பின்னிய தலையை மறுபடி பிரித்துப் பின்னினார்.

"இன்னைக்கு அத்தா பெல்ட்டோட போனா நல்லாருக்கும்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

எனக்குப் பயமாக இருந்தது.

அத்தா வந்து உட்கார்ந்தார். துண்டு விழுந்தது. விரல்களை எண்ணக்கூட எனக்குத் தோன்றவில்லை. உள்ளே சொதசொதவென்று ஈரம். கதவோரம் மாமா, அடுப்படி வாசலில் அம்மா. கை எப்படி இருக்கிறது என்று அத்தா கேட்டார்.

"காஞ்சிருக்கு அத்தா."

அவர் கையை எடுக்கவில்லை. என்னையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன். அவரோ, நான் தொலைவில் எங்கோ நிற்பதுபோலப் பார்த்தார். பிறகு துண்டை விலக்கி என் உள்ளங்கையைத் திருப்பி, தன் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"இன்னைக்கு ஒங் கையும் வேத்திருக்கேம்மா."

பெல்ட்டைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தா வழக்கம்போல வெறுங்கையோடு ரயிலேறினார், மறுநாள் வழக்கம்போலப் பொரியோடு வந்தார். மாமா சொன்ன ஜோடியை வேறொருவர் வாங்கிவிட்டாராம். அது சோடை போனது என்று கேள்விப்பட்டிருந்தால் அத்தா செய்ததே சரி என்று நானும் சமாதானமாகியிருப்பேன். ஆனால் அந்தக் காளைகள் வருஷக்கணக்கில் நன்றாக உழைத்தன. அதை மாமா ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் மறக்காமல் எடுத்துச் சொன்னார்.

"நல்ல ஜோடிதான். வாங்கினவருக்குக் கை காஞ்சிருந்திருக்கும்" என்பார் அத்தா. வயிற்றெரிச்சல் துளியும் இருக்காது. நல்ல ஜோடி என்றால் ஏன் வாங்கவில்லை, வாங்காததற்கு ஏன் வருந்தவில்லை என்று எனக்குக் குழப்பம் இன்னும் கூடியது.

இரண்டு வாரம் கழித்து அவர் ஒரே ஒரு கிடாரிக் கன்று வாங்கினார், ஜோடி இல்லை. அதில் கிடைத்தது சொற்பம். அடுத்து இன்னொன்று. மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தார். கயிறு பிடிக்கப் போகவில்லை.

ஆனால் என் கையை அவர் மறுபடி கேட்கவே இல்லை. சோறு தின்றதும் நானாகவே எதிரில் போய் உட்காருவேன். தலையைத் தடவிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். விலை சொல்வதில் நான் மக்கு என்று முடிவு கட்டிவிட்டார் போலும் என நினைத்து, அடுத்த வீட்டுப் பெண்ணோடு உட்கார்ந்து விரல் கணக்கை மாய்ந்து மாய்ந்து பழகினேன். அவரிடம் போய், இப்போது எல்லாம் சரியாகச் சொல்கிறேன் அத்தா என்றுகூடச் சொன்னேன். நீ சொல்லுவேம்மா, தெரியும் என்றார்.

தன் கை வேர்ப்பது தனக்குத் தெரியாதவர் யார்? ஆனால் அந்தத் தவிப்போடு பேரத்துக்குப் போகாமல் தன்னை நிறுத்த, அதை ஒருவர் உள்ளபடி சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அம்மாவுக்கு அவர் பெல்ட்டோடு போக வேண்டும், மாமாவுக்கு அவர் ஜெயிக்க வேண்டும், அவருக்கே இழந்ததை எப்படியாவது மீட்க வேண்டும். அவரிடம் எதையும் எதிர்பார்க்காத கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அன்று மதியம் அதையும் அவர் இழந்தார் என்பது, விரல் கணக்கு பழகிக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.