அரக்குப் புடவையும் என் கேமராவும்

கல்யாண வீடியோ எடுப்பவன் பந்தியில் கடைசி ஆள். பேச்சு வாங்குவதில் முதல் ஆள். கேமராவைத் தோளில் சுமந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில், ஆரணியில் நான் தொழிலுக்கு வந்த புதிதில், நெசவுக்காரர் ஏழுமலை மகள் கல்யாணத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அசையாத மாமா

பெண்ணின் தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்தார். கேமராவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். கண் இமைக்கவில்லை. பின்னால் வந்த தட்டுகளும் நின்றன. முகூர்த்தம் போகிறதென்று ஐயர் கத்த, “நடங்க மாமா, இது போட்டோ இல்ல” என்று கெஞ்சினேன். உதடு அசையாமல் அவர் சொன்னார்: “மொதல்ல நீ எடுத்து முடிப்பா, அப்பறமா நடக்கறேன்.”

கரையைக் காட்டு

கேசட் தயாரானதும் ஏழுமலை வீட்டுக்கு வீடியோ டெக்கையும் டிவியையும் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். தெருவே கூடியது. எல்லாரும் நெசவுக்காரர்கள், ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை. “நிறுத்து, நிறுத்து” என்று படத்தை நிறுத்தவைத்து, யார் புடவையில் என்ன கரை என்று ஆராய்ந்தார்கள். நானும் பெருமையாக நிறுத்தி நிறுத்திக் காட்டினேன்.

தாலி கட்டும் இடம் வந்ததும் பேச்சு நின்றது. மகளுக்காக ஏழுமலை தன் கையால் நெய்த அரக்குப் புடவை, டிவியில் சாயம் போன செங்கல் நிறத்தில் இருந்தது. விளக்கு வெளிச்சத்துக்குத் தகுந்தபடி கேமராவில் நிறத்தைச் சரிசெய்ய வேண்டும்; மாமா நின்ற களேபரத்தில் மறந்திருக்கிறேன். ஏழுமலை திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகக் கேட்டார்: “சம்பந்தி வூட்டுக்கும் ஒரு கேசட்டு குடுத்தனுப்பிட்டியாப்பா?”

சிவந்த முகம்

கொடுத்தாயிற்று. அடுத்த பஸ்ஸில் சம்பந்தியின் ஊரான கண்ணமங்கலத்துக்கு ஓடினேன். கல்யாணத்துக்கு வராத உறவுக்காரர்களெல்லாம் கேசட்டைப் பார்த்துவிட்டு, ஏழுமலை மட்டமான சாயத்தில் புடவை நெய்து மகளை அனுப்பிவிட்டார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் மல்லிகா பெட்டியைத் திறந்து புடவையை எடுத்துக் காட்டியிருக்கிறாள். இது பின்னால் மாற்றிக் கொடுத்த புடவை என்று சொல்லிவிட்டார்களாம்!

தப்பு என்னுடையது, கேமராவில் நிறம் மாறிவிட்டது என்று மல்லிகாவின் மாமியாரிடம் கைகூப்பினேன். கல்யாணத்தன்று அந்தப் புடவையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த அம்மாள்தான். “மிஷின் எங்கனா பொய் சொல்லுமா?” என்றார். “அதுல உங்க மொகமும் நெறம் மாறித்தாங்க வந்திருக்குது” என்றேன். நல்ல கறுப்பான அந்த அம்மாள் கேசட்டில் சிவப்பாக மின்னினார். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். “எம் மொகம் சரியாத்தான் வந்துகீது.”

வாசலில்

செருப்பை மாட்டும்போது மல்லிகா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். அழுதிருந்தாள். அதை வாங்கிக் குடிக்க எனக்கு முகமில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அண்ணா, இனிமே தப்பு உங்களுதுன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்கப்பாதான் உங்களுக்கு சொல்லிக் குடுத்து அனுப்பிச்சாருன்றாங்க.”

வீடியோ வந்த புதிதில் ஜனங்கள் அதில் தெரிந்த எல்லாவற்றையும் நம்பினார்கள், எடுத்தவனைத் தவிர.