முந்திச் சொன்ன சாட்சி

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் ‘ஸ்தோத்திரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முடி வெட்டி முடித்து, கழுத்தில் கட்டிய துணியை அவிழ்த்து உதறும்போது ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தையைச் சொல்வார். உட்கார்ந்திருப்பவருக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லாவிட்டாலும் சரி, அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். “ஸ்தோத்திரம் கடையில கூட்டமா?” என்று என்னிடம் வந்து விசாரிப்பார்கள். அவருடைய சலூனும் என் தையல் கடையும் ஒரே அறையைப் பலகை வைத்துத் தடுத்தவை. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறவளுக்குக் கை தவறும்.

நானும் சபைக்குப் போகிறவள்தான். ஆனால் எனக்குக் கடைசி பெஞ்சு, அத்தானுக்கு முதல் பெஞ்சு. அவருடைய விசுவாசத்தைப் பார்த்தால் எனக்குச் சில நேரம் பொறாமையாக இருக்கும், பல நேரம் எரிச்சலாக இருக்கும். வானம் இருட்டிக்கொண்டு நிற்கும்போது “ஆண்டவர் பார்த்துக்குவார்ம்மா” என்று குடையை வைத்துவிட்டுக் கிளம்புகிற ஆள். தெப்பலாக நனைந்து திரும்பி வந்து, “என்ன சுகமான மழை” என்பார். இவரிடம் என்னத்தை வாதாடுவது?

ஆனால் சனிக்கிழமை மதியங்களில் நான் வாயைத் திறக்க மாட்டேன். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, ஒரு பையில் கத்தி, கத்தரிக்கோல், பிரஷ், இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு கிளம்புவார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய் முடி வெட்டி, சவரம் செய்துவிடுவார். சும்மாதான். வெந்நீரை முதலில் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்ப்பார். வேலை முடிந்ததும் தலையணையையும் படுக்கையையும் ஈரத்துணியால் துடைத்தெடுப்பார். புரண்டு படுக்க முடியாதவன் முதுகுக்கடியில் ஒரு முடி கிடந்தால்கூட அது என்ன பாடு படுத்தும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில், “ஜெபம் பண்ணட்டுமா?” என்று கேட்பார். வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் அவர் என்னைவிட எங்கேயோ உயரத்தில் இருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் தெரியும்.

அந்த ஆளுக்குத்தான் கை நடுங்க ஆரம்பித்தது. அதுவும் வலது கை.

முதலில் டீ டம்ளர் தட்டில் கடகடவென்று அடித்தது. அப்புறம் சீப்பு. டாக்டரிடம் போகச் சொல்லி அக்கா நச்சரித்தாள். அவர் போகவில்லை, வேதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒருநாள் காலையில் முகமெல்லாம் மலர்ச்சியாகக் கடைக்கு வந்தார். உன் வலது கையை நான் பிடித்திருக்கிறேன், பயப்படாதே என்று கடவுளே சொல்கிற வசனம் அன்றைக்கு அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதை ஒரு காகிதத்தில் எழுதிச் சலூன் கண்ணாடியின் மூலையில் ஒட்டினார். “வேற கைன்னு சொல்லியிருக்கலாம்ல? வலது கைன்னே சொல்றார் பாரும்மா” என்றார் என்னிடம்.

சொன்ன மாதிரியே நடுக்கம் நின்றது. எப்படி என்று எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அத்தான் சபையில் எழுந்து நின்று, வலது கையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தி, ஆண்டவர் சுகம் கொடுத்துவிட்டார் என்று சாட்சி சொன்னார். கை தட்டினார்கள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் பொறுத்துச் சொல்லியிருக்கலாமே என்று கடைசி பெஞ்சில் நான் மட்டும் முணுமுணுத்தேன். ஆனால் அவருடைய அகராதியில் பொறுத்துச் சொல்வது என்றால் கடவுளைச் சந்தேகப்படுவது.

நடுக்கம் அந்த வாரமே திரும்பி வந்துவிட்டது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், பலகைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற ஒரு சத்தம் நின்றுபோனது. தோல் பட்டையில் கத்தி தீட்டுகிற சத்தம். நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும், அதைக் கேட்டுத்தான் என் தையல் மிஷினே ஓடும். அதற்குப் பதிலாக அத்தானின் குரல் கேட்கத் தொடங்கியது. “உங்க முகவெட்டுக்குத் தாடி எடுப்பா இருக்கு சார். எதுக்கு அதை எடுக்கிறீங்க?” பக்கத்து மருந்துக்கடைக்காரருக்குத் தாடி எடுப்பாக இருந்தது. ஆட்டோ டிரைவருக்கும் எடுப்பாக இருந்தது. கொஞ்ச நாளில் எங்கள் தெருவே சாமியார் மடம் மாதிரி ஆகிவிட்டது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. ஒருநாள் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பலகைக்கு அந்தப் பக்கம் போய், “அத்தான், கையைக் காட்டுங்க” என்றேன். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“நீ போய் உன் வேலையைப் பாரும்மா.”

“டாக்டர்கிட்ட போனா என்ன?”

“சுகமாயிடுச்சுன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டு டாக்டர்கிட்ட போய் நிக்கவா? ஆண்டவர் பேரு என்னத்துக்கு ஆகும்?”

தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். கடவுளின் மானத்தைக் காப்பாற்றப் போய், ஒரு நேர்மையான மனுஷன் பகல் முழுக்கப் பூசி மெழுகிக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாதவர் பொய்க்குள் மாட்டிக்கொண்டால் எப்படி இளைத்துப்போவார் என்பதை அப்போதுதான் பார்த்தேன். அக்காவிடம்கூட அவர் நிமிர்ந்து பேசவில்லை. அதைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறொன்று. கடைக்கு வருகிறவர்களைத் தாடியைச் சொல்லி அனுப்பிவிடலாம். சனிக்கிழமை வீடுகளில் அது நடக்காது. அங்கே ஒருவர் இருந்தார்.

அவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். பக்கவாதத்தில் இடது பக்கம் முழுக்க விழுந்துபோய்ப் படுக்கையில் கிடந்தார். வாய் மட்டும் விழவில்லை. சாமி, பூதம் எதுவும் நம்பாதவர். அத்தானை ‘பாதிரியார்’ என்றுதான் கூப்பிடுவார். வேலையில் இருந்த காலமெல்லாம் தினமும் மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு போனவர். மெஷின் வைத்து எடுக்கலாம் என்றால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பார். கத்திதான் வேண்டும்.

அவருடைய சட்டைகளை நான்தான் மாற்றித் தைத்துக் கொடுத்தேன். முதுகுப் பக்கம் நீளமாக வெட்டி நாடா வைத்துவிட்டால், செத்த கையைத் தூக்காமலே போட்டுவிடலாம். ஒரு சனிக்கிழமை அப்படித் தைத்த சட்டையைக் கொடுக்கப் போனபோது அத்தான் அங்கே இருந்தார். போலீஸ்காரர் முகத்தில் பாதி நுரை. கன்னம் முடிந்து கத்தி கழுத்துக்கு வந்திருந்தது. முழங்கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அத்தான் நின்றார். நான் கதவோரமே நின்றுவிட்டேன்.

“என்ன பாதிரியாரே, வண்டி நின்னுபோச்சு?”

“ஒண்ணுமில்ல சார். வெளிச்சம் பத்தல.”

“வெளிச்சமெல்லாம் இருக்கு. உன் கை ஆடுது. எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்.”

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. “எப்படி சார்?”

“என் கழுத்துய்யா. நான் பார்க்காம வேற யாரு பார்ப்பா?” போலீஸ்காரர் கண்ணை உருட்டி அவரைப் பார்த்தார். “உங்க ஆளு கையைப் பிடிச்சிருக்கார்னு கண்ணாடியில ஒட்டி வச்சிருக்கியாமே. பிடிச்சிருந்தா ஏன் ஆடுது?”

இதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். ஆனால் இன்னொருவர் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அத்தான் கத்தியை மடக்கினார். அந்தப் பெரிய மனுஷன் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி கோணியது.

“தெரியல சார். நான் அவசரப்பட்டு எல்லார் முன்னாடியும் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டேன். இப்ப இல்லைன்னு சொன்னா அவர் வாக்கு பொய்யாயிடுமேன்னு பயமா இருக்கு.”

“அப்ப ஏன்யா இங்க வந்த? கையும் சரியில்ல, பயமும் இருக்குன்னா?”

“நீங்க காத்துக்கிட்டு இருப்பீங்களே.”

 நுரை காய்ந்து தாடையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் தன்னுடைய நல்ல கையை, அந்த வலது கையை, நீட்டினார். “கத்தியைத் திற” என்றார். அத்தான் திறந்ததும் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். எத்தனையோ பேரைப் பிடித்த கை அது, இரும்பு மாதிரி இறுக்கிப் பிடித்தது. கத்தி ஆடாமல் நின்றது.

“ம், இழு” என்றார்.

அத்தான் இழுத்தார். தன் கழுத்துக்கு வருகிற கத்தியைத் தானே பிடித்து ஒருவர் நடத்திக்கொண்டு போவதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. முடிந்ததும் அத்தான் துணியை உதறினார். வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. “சொல்லித்தொலை, நீ சொல்லாம எனக்கு முடிஞ்ச மாதிரியே இல்ல” என்றார் போலீஸ்காரர்.

அடுத்த நாள் சபையில் அத்தான் எழுந்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அவர் உட்காரவில்லை.

“போன தடவை நான் முந்திக்கிட்டுச் சொல்லிட்டேன். கை இன்னும் நடுங்குது, இதோ பாருங்க. வாக்கு பொய்யாயிடுமோன்னு பயந்து இத்தனை நாளா மறைச்சேன். கடவுள் வாக்கைக் காப்பாத்துற வேலை என்னோடதுன்னு நெனச்சுட்டேன். அது அவர் வேலை. நேத்து என் கையை ஒருத்தர் பிடிச்சார். அவருக்கு ஆண்டவரைத் தெரியாது. ஆனா பிடிச்சது யாருன்னு எனக்குத் தெரியும்.”

யாரும் கை தட்டவில்லை. போதகர் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார். வாசலில் ஒரு அம்மா என் காதுபடவே, “விசுவாசம் குறைஞ்சா அப்படித்தான் திரும்பி வரும்” என்றாள். என் கையில் அப்போது ஊசி இல்லாதது அவளுடைய அதிர்ஷ்டம். அத்தானோ, பல வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

டாக்டர் பார்த்துவிட்டு, உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் முழுக்கப் போகாது என்று சொன்னார். கடையில் சவரம் நின்றது, மெஷின் வைத்து முடி வெட்டுவதோடு சரி. தெருவின் தாடிகளெல்லாம் முனையில் இருக்கிற புதுக் கடைக்குப் போய்விட்டன. வருமானம் இளைத்தது, ஆள் தேறினார். கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தை அவர் கிழிக்கவில்லை.

சனிக்கிழமை போலீஸ்காரர் வீட்டில் மட்டும் கத்தி தொடர்ந்தது. அவர் பிடிப்பார், இவர் இழுப்பார். ஒருநாள் போலீஸ்காரரே, “உங்க ஆளுகிட்ட ஏதாவது பேசணும்னா பேசிக்கோ, சத்தம் போடாத” என்றாராம். அத்தான் எனக்கு அதைப் பத்துத் தடவை சொல்லியிருப்பார். அதற்கு மேல் போலீஸ்காரர் ஒன்றும் மாறவில்லை. கடைசி வரை பாதிரியார், பாதிரியார் என்று கிண்டல்தான்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் அவர் இறந்துபோனார். அவர் மகள் எனக்கு ஒரு நல்ல சட்டையை அனுப்பி, முதுகு வெட்டைத் திரும்பத் தைத்து முழுச் சட்டையாக்கித் தரச் சொன்னாள். தைத்து எடுத்துக்கொண்டு போனேன். அத்தான் எனக்கு முன்பே பையோடு வந்திருந்தார். “அப்பாவுக்குச் சவரம் பண்ணிவிடுங்க அங்கிள். இப்படியே அனுப்பினா திட்டுவார்” என்று மகள் சொன்னாள்.

அத்தான் வெந்நீரைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தார். இனி அந்தச் சூடு யாருக்கு உறைக்கப்போகிறது? ஆனாலும் பார்த்தார். நுரை தடவினார். கத்தியைத் திறந்தார். வழக்கம்போலத் தன் மணிக்கட்டைப் போலீஸ்காரரின் வலது கை பக்கமாகக் கொண்டுபோனார்.

கை விரிப்பின் மேல் அப்படியே கிடந்தது. அத்தானுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கத்தி நடுங்கிக்கொண்டு நின்றது. சுற்றிலும் சொந்தக்காரர்கள், பழைய போலீஸ்காரர்கள். எல்லோரும் அந்தக் கத்தியைப் பார்த்தார்கள், ஒருவரும் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அத்தான் காத்திருந்தார். யாருக்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இத்தனை வருஷமாக நான் வேடிக்கை பார்த்ததும் அதைத்தான்.

சட்டையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நடுக்கம் என் கைக்குள் வந்தது, பிடிபட்ட குருவி மாதிரி. நான் இறுக்கிப் பிடித்தேன்.

அத்தான் கண்ணைத் திறக்காமலே, “இழுக்கட்டுமா?” என்றார்.

“ம், இழுங்க” என்றேன். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்து யார் என்று பார்த்தார்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை மதியம் பலகைக்கு இரண்டு பக்கமும் பூட்டுதான். தைக்க அவசரம் என்றால் வெள்ளிக்கிழமையே கொண்டுவந்துவிடுங்கள்.