மூன்று யார்ட் குறைந்த பிட்ச்

பூங்காப் புல்லில் அளவு நாடாவை விரித்துக்கொண்டிருந்தபோது நாயோடு வந்த ஒரு பெண்மணி நின்று, "பெத்தாங்க்?" என்று கேட்டார். இரும்புக் குண்டெறிந்து விளையாடும் அவர்களுடைய விளையாட்டு அது. என்னுடைய பிரெஞ்சு டெபனேரில், அதுதான் இங்கத்தைய மூலைக்கடையில், பால் வாங்க மட்டுமே போதும். சும்மா தலையாட்டி வைத்தேன். இவ்வளவு நீளம் தேவையில்லை என்று கையால் காட்டிவிட்டு, பாவம், நல்லெண்ணத்தோடுதான் போனார்.

நாடாவின் மறுமுனையில் நின்ற கார்த்திக் அதற்கு நேர்மாறாகச் சொன்னான். சென்னையிலிருந்து இங்கே படிக்க வந்தவன்.

"மூணு யார்ட் கொறையுதுண்ணா."

"டேப்பை வடிவாப் பிடியும், தம்பி."

"நல்லாத்தான் பிடிச்சிருக்கேன். இருபத்திரண்டு வரணும், பத்தொன்பதுதான் வருது."

பனி கரைந்ததும் இந்தக் கார்ட்டியர்வில் பூங்காவில் கிரிக்கெட் பிட்ச் குறிப்பது வருடாவருடம் என் வேலை. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒருநாளும் நாடா கேட்டதில்லை; நான் காலால் அளந்து நட்டதைச் சரிபார்க்க இந்த வருடம் நாடா கொண்டுவந்தது கார்த்திக்தான். ஒன்பது அங்குல அகலத்துக்கு மூன்று ஸ்டம்ப், அதற்கு நான்கு அடி முன்னால் சுண்ணாம்புக் கோடு, பிறகு மறுமுனைக்குக் கால் போன கணக்கு. ஊர் மைதானத்தில் ஓடி ஓடிக் காலுக்குப் பழகிய தூரம் அது.

காலில் பிழையில்லை. மைதானத்தின் ஒரு பக்கத்தை இராணுவ முகாமின் முட்கம்பி விழுங்கியபோது, அந்தப் பக்கத்து ஸ்டம்புகளைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டது என் அண்ணைதான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து வரும் தூரம் குறைந்துவிட்டதென்று ஒருநாளும் யோசித்ததில்லை. அண்ணையின் பந்து கண்ணுக்கே தெரியாது என்பதுதான் ஊர்ப் பேச்சு. பிறகு ஷெல் விழுந்து அண்ணை போனார். வீடும் எரிந்தது, ஒரு படம்கூட மிஞ்சவில்லை. என் மகளுக்குப் பெரியப்பா என்றால் நான் சொன்ன அந்த வேகம் மட்டும்தான். அதிலும் மூன்று யார்ட்டை இந்த நாடா வெட்டிவிட்டது. முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை. கார்த்திக் பார்க்கக்கூடாதென்று குனிந்து கோட்டைப் போட்டேன், சரியான அளவிலேயே.

ஞாயிறு பூசை முடிந்து வந்து ஆடினோம். மகளும் வந்திருந்தாள். கார்த்திக் நல்ல வேகத்தில்தான் போட்டான். முதல் பந்துக்கு நான் மட்டையை வீசி முடித்த பிறகுதான் பந்து என்னைக் கடந்தது. இரண்டாவது பந்து ஸ்டம்பைச் சாய்த்தது.

"என்னண்ணா அவசரம்? பந்து வரட்டுமே," என்றான்.

தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். மகள் பக்கத்தில் வந்து கேட்டாள்.

"பெரியப்பா இவரை விட ஸ்பீடோ, அப்பா?"

"ஓம்," என்றேன்.

பொய்யில்லை. முட்கம்பிக்கு முன்னால் நின்று அண்ணை போடும் பந்துக்குத்தான் என் கை இன்னும் மட்டையை வீசுகிறது. இங்கே பந்து வந்து சேரும் நேரத்தில் நான் அடித்து முடித்துவிடுகிறேன்.